அன்பாக இருப்பவர்கள் மேல் ஒரு புகார்

எல்லோரும் தன்னிடம் அன்பாக இருக்கிறார்கள் என்று புகார் கொடுக்க வந்திருந்தாள் ஜிபார்.

ஹார்சான் வாய்க்குக் கொண்டுபோன நூடுல்ஸை அப்படியே கிண்ணத்தில் விட்டான். மலையடிவாரத்தில் இருக்கும் காரகோல் நகரத்தில் சோனுன் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து அவன்தான் அவளுக்கு டிரைவர், கூஜா தூக்கி, வேண்டாத நேரத்தில் கருத்து சொல்பவன், எல்லாமே. ஓடிப்போன மாப்பிள்ளை, திருடுபோன பசு, ராத்திரியோடு ராத்திரியாக நகர்ந்துவிட்ட வேலி என்று எத்தனையோ புகார்களைக் கேட்டவன். அன்பைப் பற்றிப் புகார் வருவது இதுவே முதல் தடவை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

சோனுனின் அலுவலகம் என்பது சின்னச் சந்தையில், ஹார்சானின் தங்கை நடத்தும் நூடுல்ஸ் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. கீழிருந்து வினிகர் வாசனை ஏறி வந்துகொண்டே இருக்கும். போலீஸில் இருந்தபோது மேலதிகாரியின் மச்சானைக் கைது செய்ததற்காக அவளை ஆவணக் கிடங்குக்கு மாற்றினார்கள். மறுநாளே தொப்பியைக் கழற்றி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தவள். அதிகம் பேச மாட்டாள். அந்தக் குறையை ஹார்சான் தாராளமாக நிவர்த்தி செய்து வந்தான்.

"சொல்லவே கூச்சமா இருக்குக்கா," என்றாள் ஜிபார். "போன ஞாயித்துக்கிழமை விருந்துல என் மாமியார் எனக்கு வால்கறி குடுத்தாங்க."

ஹார்சான் மெல்ல விசிலடித்தான்.

ஆடு அறுத்தால் எந்த எலும்பு யாருக்கு என்பதில் அந்த ஊரில் யாரும் விளையாட மாட்டார்கள். வாலோடு சேர்ந்த பின்கறி வீட்டின் மூத்த பெண்மணிக்கு. மருமகளுக்கு நெஞ்சுக்கறி, அதுவும் எல்லோருக்கும் பரிமாறி ஆறிய பிறகு. மாமியார் கல்லுப்போல உட்கார்ந்திருக்கும்போது நாற்பத்தாறு வயது மருமகளின் தட்டில் வால்கறி விழுந்தால் அந்த வீட்டில் பூகம்பம் என்று அர்த்தம்.

பூகம்பம் அதோடு நிற்கவில்லை. ஒரு கம்பளச் சண்டைக்குப் பிறகு பல வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத நாத்தனார் பாத்மா தானாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எது நடந்திருந்தாலும் மனசில் வைத்துக்கொள்ளாதே, மன்னித்தேன் என்று வாய்விட்டுச் சொல் என்று கெஞ்சினாளாம். சொந்த வீட்டில் ஆணி அடிக்காத கணவனின் அண்ணன் ஒரோஸ்பெக் ஏணியோடு வந்து ஜிபாரின் முடிதிருத்தும் கடைக்குக் கூரை மாற்றிக் கொடுத்தாராம். அத்தை பெண்கள் முறை வைத்துக்கொண்டு ஜாம் அனுப்புகிறார்களாம். வீட்டில் பாட்டில் வைக்க இடமில்லை.

"எனக்கு இப்படி ஒரு வியாதி வரக் கூடாதா," என்றான் ஹார்சான். "என் மாமியார் இன்னும் எனக்குச் சூப்பு மட்டும்தான் ஊத்துறாங்க."

சோனுன் ஓர் உலர்தயிர் உருண்டையை வாயில் போட்டுக் கடைவாயில் ஒதுக்கினாள். அவள் யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

"யார் அன்பா இல்லை?"

ஜிபாருக்குக் கேள்வி பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு விரல் விட்டு எண்ணினாள். கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் எப்போதும்போலச் சாயம் சரியில்லை என்று சண்டை போடுகிறார்கள். பிறந்த வீட்டுத் தம்பிகள் எப்போதும்போல போன்கூடச் செய்வதில்லை. கணவன் சாகின் வழக்கத்தைவிட அதிகமாக எரிந்து விழுகிறான். ஆப்பிள் சீசன், லாரி ஓட்டிவிட்டு வந்தால் சோறு ஏன் ஆறிப்போச்சு, சாவி எங்கே என்று ஒரே கத்தல்.

"எனக்கு என்னவோ அவர்மேலதான் சந்தேகம். இன்னொருத்தியைக் கட்டிக்கப் போறார். அதான் குடும்பமே சேர்ந்து என்னைத் தாஜா பண்ணுது."

ஹார்சானுக்கு அது ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. புருஷன் கத்துவது குற்றமுள்ள நெஞ்சு, மற்றவர்கள் குழைவது நஷ்டஈடு. கேஸ் முடிந்தது, மீதி நூடுல்ஸைச் சாப்பிடலாம் என்று கிண்ணத்தை எடுத்தான். சோனுன் அவனைச் சட்டை செய்யவில்லை.

"இரண்டாம் கல்யாணம்னா மன்னிப்பு கேக்கறது நாத்தனார் இல்லை," என்றாள். "முதல் ஜாம் வர்றதுக்கு முன்னாடி ஏதாவது விசித்திரமா நடந்துச்சா? சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்லை."

ஜிபார் யோசித்தாள். ஒன்றுமில்லை, ஒரு போன் வந்தது. யாரோ ஒரு பெண் முடிவெட்ட எவ்வளவு என்று கேட்டாள். ஜிபார் ஏதோ ஜோக்கடித்தாள், அந்தப் பக்கம் சிரிப்பே இல்லை. உங்களுக்கு எத்தனை குழந்தைகள் என்றாள். வீட்டில் பெரியவர்கள் யார் யார் என்றாள். அப்புறம் வைத்துவிட்டாள். முடிவெட்ட வரவும் இல்லை.

"முடி வெட்டறதுக்கு எதுக்கு வீட்டுப் பெரியவங்க?" என்றாள் சோனுன்.

நம்பர் ஜிபாரின் போனிலேயே இருந்தது. ஹார்சான் தன் போனிலிருந்து அழைத்து எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தான். சோப்பு விற்கும் கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒரு முழு வசனம் தயாராக வைத்திருந்தான். அதற்கு வேலையே வரவில்லை.

"பெண்கள் பிரிவு, மருத்துவமனை. சீக்கிரம் சொல்லுங்க, வரிசை நிக்குது."

ஹார்சான் போனை அணைத்தான்.

கோடையில் ஸ்டேடியத்துக்கு வந்து நின்ற வெள்ளைப் பேருந்து மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாக மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை. ஊரே வரிசையில் நின்று ஏறி இறங்கியது. ஜிபாரும் ஏறினாள். படம் எடுத்தார்கள், பெயரும் நம்பரும் வாங்கினார்கள். ஏதாவது இருந்தால் போன் வரும், வராவிட்டால் நிம்மதியாக இருங்கள் என்றார்கள்.

"போன் வரலை," என்றாள் ஜிபார். "நான் நிம்மதியா இருந்தேன்."

"போன் வந்திருக்கு. சேதிதான் வேற வீட்டுக்குப் போயிருக்கு," என்றாள் சோனுன்.

ஜிபார் எழுந்து கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். முகத்தில் இருந்தது பயமில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் எதற்கு மன்னிப்பு கேட்டாள் என்பது இப்போது புரிந்துவிட்டது. சாகப்போகிறவர்களிடம்தான் அப்படிக் கேட்பார்கள்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை. வண்டியை எடுங்க அண்ணே. பயப்படறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

*

மருத்துவமனை நடைவழியில் உட்கார இடமில்லாமல் பெண்கள் சுவரோரம் நின்றிருந்தார்கள். பதிவு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல், கர்ப்பப்பை ரத்தப்போக்கு யாரு, மார்பு ரெண்டாம் படம் யாரு, என்று சந்தையில் தக்காளி விற்கிறமாதிரி கூவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் ஒருத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தாள். மற்றவர்கள் எங்கேயோ பார்ப்பதுபோல நடித்தார்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்போம் என்று ஒரு போஸ்டர் சுவரில் இருந்தது. அதன் முன்னால் ஒரு பெரிய பூந்தொட்டியை வைத்து மறைத்திருந்தார்கள்.

"நல்ல வேளை, மறைச்சுட்டாங்க," என்றான் ஹார்சான். "இல்லேன்னா யாராவது படிச்சுட்டுச் சிரிச்சிருப்பாங்க."

கடைசி அறையில் நர்ஸ் சைரா இருந்தாள். ஜிபார் உள்ளே வந்து குரல் கொடுத்ததும் அவள் முகம் சிவந்து வெளுத்தது. அந்தக் குரலை அவள் மறக்கவில்லை. டாக்டர் கிராமத்துக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள், வரும்போது வீட்டுக்காரரையோ பெரியவர்களையோ கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கடகடவென்று சொல்லிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் சோனுனின் முழங்கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினாள். ஹார்சான் பக்கத்திலேயே நிற்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"நீங்க அவங்க அக்காவா? உங்ககிட்ட சொல்லிடறேன். அவங்க படத்துல..."

"நிறுத்து," என்றாள் சோனுன்.

அவள் அதட்டிப் பேசுவது அபூர்வம். ஹார்சானே ஓர் அடி பின்வாங்கினான்.

"நான் அவளுக்கு யாருமில்லை. இவன் டாக்சி ஓட்டறவன். எங்க ரெண்டு பேர்கிட்ட சொல்ல வாய் வருது, நாலடி தள்ளி நிக்கற அவகிட்ட சொல்ல வரலையா? படத்துல என்ன இருந்துச்சுன்னு நான் கேக்கலை, கேக்கவும் மாட்டேன். யார்கிட்ட சொன்னே? அதை மட்டும் சொல்லு."

சைரா அழ ஆரம்பித்தாள். கெட்ட பெண்ணில்லை, அதுதான் வேதனை. பட்டியலில் ஜிபாரின் நம்பரைப் பார்த்து ஒழுங்காகத்தான் அழைத்திருக்கிறாள். எடுத்தவள் கலகலவென்று சிரித்துப் பேசியதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. முடிவெட்ட எவ்வளவு என்று எதையோ உளறிவிட்டு வைத்துவிட்டாள். அப்புறம் அந்த ஊரில் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். கெட்ட சேதியை யாருக்கும் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது, பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து, டீ குடித்து, சுற்றி வளைத்து, பக்குவமாகச் சொல்ல வேண்டும். பாத்மா அவளோடு பள்ளியில் படித்தவள். அவளிடம் சொன்னாள். ஜிபார் இரண்டாவது தடவை வர வேண்டும், நேரமாக்காமல் வர வேண்டும், இதை மட்டும்தான் சொன்னாள். அவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று நம்பினாள்.

"சாவைத்தான் அப்படிச் சொல்லுவோம்," என்றாள் சோனுன். "இவ உயிரோட இருக்கா. உனக்கு அவ முகத்தைப் பாக்கப் பயம். அந்தப் பயத்துக்கு இவளோட இத்தனை நாளை எடுத்துச் செலவு பண்ணிட்டே."

ஜிபார் நகர்ந்து வந்து நர்ஸின் எதிரே நின்றாள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே உயரம்.

"என் பேரு ஜிபார். என் உடம்புதான் அந்தப் பஸ்ல ஏறுச்சு, என் மாமியார் உடம்பு இல்லை. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல முடியலைன்னா கண்ணை மூடிக்கிட்டு சொல்லு. ஆனா என்கிட்ட சொல்லு. இப்படியே போனா அடுத்த வருஷம் அந்தப் பஸ் வர்றப்போ எவ ஏறுவா?"

சைரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அலமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். பிறகு, அந்த அறையில் அநேகமாக முதல் தடவையாக, கதவைச் சாத்தச் சொன்னாள். கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. சோனுன் வெளியே வந்து கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். ஒரு துப்புரவுக்காரி வாளியோடு வந்தாள், சோனுனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஹார்சான் தவித்தான். கதவு மெல்லிய பலகை, கொஞ்சம் தலையைச் சாய்த்தால் கேட்டுவிடலாம். காதைப் பொத்திக்கொண்டால் ஒட்டுக் கேட்கத் தோன்றியது வெளியே தெரிந்துவிடும். கடைசியில் ஒரு பழைய பாட்டைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நின்றான். ஜிபாருக்கு இரண்டு பையன்கள், கடையில் மூன்று நாற்காலி, நாற்பத்தாறு வயது. அவளை இன்று காலையில்தான் முதல் தடவையாகப் பார்த்தான். இருந்தாலும் பாட்டின் அடுத்த வரி அவனுக்கு மறந்துபோனது.

ஜிபார் வெளியே வந்தாள். உறை அவள் கைப்பைக்குள் போயிருந்தது. முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சோனுன் கேட்கவில்லை. ஹார்சான் வாயைத் திறந்து, சோனுனின் பார்வையைப் பார்த்து, மழை வருமோ என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டான். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

*

காரில் ஏறியதும் ஒரோஸ்பெக் வீட்டுக்கு விடச் சொன்னாள் ஜிபார். இன்றைக்கு அங்கே விருந்து. ஆப்பிள் நல்ல விலைக்குப் போனதற்காக ஆடு அறுப்பதாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். யாருக்காக அறுக்கிறார்கள் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"முதல்ல என் வீட்டுக்காரர்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இத்தனை நாளா பக்கத்துல படுத்துக்கிட்டு, எல்லாம் தெரிஞ்சும் சாவி எங்கே செருப்பு எங்கேன்னு கத்திக்கிட்டு. அவரை உண்டு இல்லைன்னு பண்ணிட்டுத்தான் மத்தவங்க."

சோனுன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். உலர்தயிர் மட்டும் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது.

ஒரோஸ்பெக் வீட்டு வாசலில் அண்டாவிலிருந்து ஆவி பறந்தது. உள்ளே நீளமாகத் துணி விரித்து, ரொட்டியும் ஜாமும் பொரித்த மாவும் பரப்பி, சொந்தம் மொத்தமும் சுற்றி உட்கார்ந்திருந்தது. ஜிபார் செருப்பைக் கழற்றியதுதான் தாமதம், மாமியாரே எழுந்து வந்து அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து, வாசலுக்கு நேரெதிரே இருந்த கௌரவ இடத்துக்கு அழைத்துப் போக ஆரம்பித்தாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட வந்திருக்கும் சோனுனையும் ஹார்சானையும் யார் என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது பின்கதவு வழியாக ஒரு கட்டு விறகோடு சாகின் வந்தான்.

"எங்கே போய்த் தொலைஞ்ச? வெங்காயம் வாங்கிட்டு வான்னு காலையில சொன்னேன்ல? இங்க நான் விறகு தூக்கறேன், நீ மகாராணி மாதிரி டாக்சில வந்து இறங்கற."

கூடம் முழுவதும் மூச்சை உள்ளே இழுத்தது. பாத்மா எழுந்து தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். இவளைப் போய்த் திட்டுகிறாயே, உனக்கு நாக்கு அழுகிவிடும் என்று சீறினாள். சாகின் விறகைக் கீழே போட்டுவிட்டு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதென்னடா வம்பா இருக்கு. கல்யாணம் ஆனதிலேர்ந்து திட்டறேன். அவளும்தான் என்னைத் திட்டறா. இன்னிக்கு என்ன புதுசா?"

ஜிபார் மாமியாரின் கையை உதறிவிட்டு அவனை நோக்கிப் போனாள். காரில் வைத்துச் சேர்த்த வார்த்தையெல்லாம் வாய்வரை வந்துவிட்டது. சோனுன் குறுக்கே கையை நீட்டினாள்.

"அவரை விட்டுடுங்க. இந்த வீட்டுல தெரிஞ்சவங்க எல்லாரும் அன்பா இருக்காங்க. இன்னும் கத்திக்கிட்டிருக்கற ஆளு இவர் ஒருத்தர்தான். இவருக்கு எதுவும் தெரியாது."

ஹார்சான் நெற்றியில் அடித்துக்கொண்டான். காலையிலிருந்து அது அவன் மூக்குக்கு முன்னாலேயே கிடந்தது. திட்டுகிறவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டு அவன் நூடுல்ஸ் சாப்பிடப் போயிருந்தான்.

"என்ன தெரியாது?" என்றான் சாகின். "எனக்கு என்ன தெரியாது?"

பாத்மாதான் உடைந்தாள். அவனிடம் எப்படிச் சொல்வது, சொன்ன அடுத்த நிமிஷம் அவளிடமே போய்ச் சொல்லிவிடுவானே, சின்ன வயசிலிருந்தே எதையும் மூடி வைக்கத் தெரியாதவன் என்று புலம்பினாள். ஆப்பிள் சீசன் முடியட்டும் என்றிருந்தோம், பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தோம் என்றாள். ஜிபாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முரடனைத்தான் இன்று காலை அவள் இன்னொருத்திக்குக் கட்டிவைத்தாள்.

மாமியார் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உன் நல்லதுக்குத்தான்டி கண்ணு. நீ பயந்துடுவியேன்னு."

"பயப்படறது என் வேலை அத்தை. அதையும் நீங்களே செஞ்சுட்டீங்க. எனக்காக அழுதாச்சு, மன்னிப்பு கேட்டாச்சு, கூரை மாத்தியாச்சு, வால்கறியும் போட்டாச்சு. மறுபடி படம் எடுக்கப் போற வேலை ஒண்ணுதான் எனக்குன்னு மிச்சம் இருந்துச்சு. அதை மட்டும் யாரும் சொல்லலை."

அவள் குரல் உடையவில்லை. உடையும் என்று காத்திருந்த பெண்கள் முக்காட்டு முனையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றாள் மாமியார்.

"போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"என்கிட்ட சொன்னாங்க."

அதோடு நிறுத்திக்கொண்டாள். ஒரோஸ்பெக் தொண்டையைச் செருமிக்கொண்டு, குடும்பத்தில் பெரியவன் என்ற முறையில் எனக்குத் தெரிய வேண்டாமா என்று ஆரம்பித்தார். ஜிபார் அவரைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் பாதியில் நின்றது. கைப்பை அவள் தோளில் இருந்தது. அதன் வாரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தாள். யாராவது பிடுங்க வந்தால் கடித்துவிடுவாள் என்று ஹார்சானுக்குத் தோன்றியது, அவளை நினைத்து அவனுக்குப் பெருமையாக இருந்தது.

சாகின் மட்டும் விறகுக்கு நடுவே நின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போதுதான் மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்திருந்தது. பெரிய உடம்பு, அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்தது.

"எனக்காவது சொல்லுவியா?" என்றான். அப்படி ஒரு குரல் அவனிடம் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவேன். வீட்டுல, கதவைச் சாத்திக்கிட்டு. அதுவரைக்கும் என்னைத் திட்டறதை நிறுத்தினீங்க, கொன்னுடுவேன்."

"வெங்காயம் வாங்காம வந்துட்டு பேச்சைப் பாரு," என்றான் சாகின். சொல்லும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாமே என்று நினைத்த ஹார்சான் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். பின்பக்கம் ஆப்பிள் மரத்தடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டைக்குதிரை கட்டியிருந்தது. நல்ல ஊட்டம், முதுகில் தோல் பளபளத்தது.

"குதிரை ஜோரா இருக்கே," என்றான் ஒரோஸ்பெக்கிடம். "நீங்க குதிரை வளர்க்கற ஆளு மாதிரி தெரியலையே."

ஒரோஸ்பெக்கின் காதுகள் சிவந்தன. பாத்மா தரையைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் தான் எதை மிதித்துவிட்டோம் என்று ஹார்சானுக்குப் புரிந்தது. அந்த ஊரில் வீட்டுப் பெரிய மனுஷி ஒருத்தி செத்தால் துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சோறு போட ஆடு பற்றாது. கொழுத்த பெட்டைக்குதிரைதான் அறுப்பார்கள்.

"குளிர்காலம் வந்தா விலை ஏறிடும்," என்று முனகினார் ஒரோஸ்பெக். "அதான், இப்பவே..."

சாகின் அண்ணனை நோக்கி ஒரு விறகுக் கட்டையை ஓங்கினான். அதைக் கையிலிருந்து பிடுங்கி அடுப்புப் பக்கம் போட்டுவிட்டு ஜிபார் நேராகப் பின்கதவு வழியாக இறங்கினாள். செருப்புகூடப் போடவில்லை. எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். மரத்தடிக்குப் போய் முடிச்சை அவிழ்த்தாள். குதிரை அவள் தோளை முகர்ந்தது. அவள் அதன் பிடரியில் கையை விட்டுச் சிக்கெடுத்தாள், கடையில் யாருக்கோ தலை வாரிவிடுவதைப் போல நிதானமாக.

"என் பேருக்குத்தானே வாங்கினீங்க?"

ஒரோஸ்பெக் தலையாட்டினார்.

"அப்ப என்னுது."

சிறுமியாக இருந்தபோது மலை மேய்ச்சலில் சேணமில்லாமல் ஏறியவள். வேலிக் கட்டையில் ஒரு காலை வைத்து, பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஒரே தாவலில் மேலே போய்விட்டாள். மாமியார் ஐயோ விழுந்துடுவே இறங்கு என்று கத்தினாள். மிரண்டு கத்தினாளே தவிர அந்தக் கத்தலில் குழைவு துளிகூட இல்லை, பழைய மாமியார் முழுசாகத் திரும்பி வந்திருந்தாள். ஜிபாருக்கு அது காதில் தேனாக விழுந்திருக்க வேண்டும், குனிந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

கேட்டைச் சாகின்தான் திறந்துவிட்டான். அவளுடைய செருப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடந்தான்.

ஹார்சான் காரை நகர்த்தினான். சோனுன் முன்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முன்னால் தெருவின் நடுவே குதிரை போய்க்கொண்டிருந்தது, லாரிகள்கூட ஒதுங்கின. வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். பாதிப் பேருக்குச் சேதி தெரியும், அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. பரிதாபப்படுவதா கும்பிடு போடுவதா என்று புரியாமல் நின்றார்கள். கோடையில் அதே பேருந்தில் ஏறி இறங்கியவர்கள்தான் எல்லோரும்.

"அக்கா," என்றான் ஹார்சான் கடைசியில். "உள்ள என்ன சொல்லியிருப்பாங்க?"

"எனக்குத் தெரியாது."

"ஊகிக்கக்கூடவா மாட்டீங்க? நீங்க துப்பறியறவங்கக்கா."

"அதனாலதான்," என்றாள் சோனுன், கண்ணைத் திறக்காமலே. "ஹாரன் அடிக்காம ஓட்டு. குதிரை மிரளும்."

முனைக் கடை வாசலில் ஒரு கிழவி கைத்தடியைத் தூக்கிக் குதிரையை நிறுத்தினாள். ஜிபாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஏதோன்னு சொன்னாங்களே, என்னடி உனக்கு என்று தெருவே கேட்கும்படி விசாரித்தாள்.

"அந்தப் பஸ் அடுத்த வருஷமும் வரும் பாட்டி, நானும் ஏறுவேன்," என்றாள் ஜிபார், அவளும் தெருவே கேட்கும்படி. "எனக்கு என்னன்னு எனக்குத் தெரியும். நீங்க கொஞ்சம் வழி விடுங்க."